ஓடினால் ஏறுகிறது

ஆவடி
12.1.1992

அன்புள்ள செலினுக்கு,

நானும் ஜெயசீலியும் நலம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். நீ அனுப்பிய மிஷின் அப்படி எழுத விடவில்லை.

உன் வார்டு வரலட்சுமி சிஸ்டர் லீவில் வந்திருப்பதாகக் கார்டு போட்டிருந்தார். போன ஞாயிறு பூசை முடிந்ததும் முகப்பேருக்குப் பஸ் பிடித்துப் போய் வாங்கி வந்தேன். விரலில் குத்தி, பட்டையில் ஒரு சொட்டு ரத்தம் வைத்து, ஒரு நிமிஷம் பொறுத்துப் பஞ்சால் துடைத்து உள்ளே நுழைத்தால் சர்க்கரை எவ்வளவு என்று எண் காட்டும் என்று செய்து காட்டினார். இத்தனை நாள் மூத்திரத்தை நீல மருந்தில் ஊற்றிக் காய்ச்சி, பச்சையா மஞ்சளா என்று ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்துக்கொண்டிருந்தவனுக்கு இது பெரிய விஷயம்தான். ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் மிஷின் கோளாறு. திங்கள் காலை இன்சுலின் ஊசி போடும் முன்னால் பார்த்தேன், 178. பிறகு வழக்கம்போல அண்ணனூர் கார் ஷெட் வரை ஓடினேன். சும்மா ஓட்டம் இல்லை. ஸ்டேஷனுக்குள் வேகம் குறைத்து நுழையும் மின்சார ரயிலை இரண்டு முறை முந்தினேன். ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தவர்கள் கை தட்டினார்கள். பனியனைப் பிழிந்தால் ஒரு சொம்பு தண்ணீர் வந்திருக்கும். வீட்டுக்கு வந்து குத்திப் பார்க்கிறேன், 261! செவ்வாய்க்கிழமை இன்னும் வேகமாக ஓடினேன், 274. இவ்வளவு வியர்வை விட்டவனுக்குச் சர்க்கரை ஏறுமா? நீயே சொல்.

உத்தமன் டாக்டர் வேறு. ஒவ்வொரு மாதமும் தொழிற்சாலை ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுக்கும்போது, "நட கிறிஸ்துராஜ், நடந்தா போதும்" என்கிறார். நடப்பது பென்ஷன்காரர்கள் வேலை. நான் ஓட்டக்காரன் என்பதற்காகத்தான் இந்தத் தொழிற்சாலையில் என்னை எடுத்தார்கள். ரத்தம் கொடுக்கப் போகும் நாளில்கூடக் குவார்ட்டர்ஸிலிருந்து ஆஸ்பத்திரி வரை ஓடியேதான் போகிறேன், ரத்தம் சுத்தமாக இருக்கட்டும் என்று. அப்படியும் அந்த மனிதர் ஊசியை ஏற்றிக்கொண்டே போகிறார். நீ போகும்போது இருபத்து நாலு யூனிட். இந்த ஏழு மாதத்தில் முப்பத்து நாலு ஆகிவிட்டது. அவருக்கும் உன் மிஷினுக்கும் ஏதோ கூட்டு இருக்கிறது.

மார்ச் 14 எங்கள் விளையாட்டு விழா. முப்பத்தைந்து வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு எண்ணூறு மீட்டர். பெயர் கொடுத்துவிட்டேன்.

அங்கே வேறு நல்ல மிஷின் கிடைத்தால் அனுப்பு. அதைக் கொண்டுவரும் சாக்கில் நீயே வந்தாலும் சரி.

அன்புடன்,
கிறிஸ்துராஜ்


மஸ்கட்
25.1.1992

அன்புள்ள ஜெயசீலி அப்பாவுக்கு,

மிஷின் நன்றாகத்தான் இருக்கிறது. கோளாறு அதைப் பிடித்திருக்கிற கையில்.

உங்கள் கடிதத்தை டியூட்டி ரூமில் படித்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டேன். எங்கள் வார்டு டாக்டரம்மா பக்கத்தில் இருந்தார். சூடான் நாட்டுக்காரர். ஊரில் யாருக்காவது உடம்பு சரியில்லையா என்று கேட்டார். "இல்லை டாக்டர், என் வீட்டுக்காரர் ரயிலோடு ஓடுகிறார்" என்றேன். முழுவதையும் சொன்னதும் அவர் சிரிக்கவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து எனக்கே பாடம் எடுத்தார். அதை அப்படியே எழுதுகிறேன். பாதியில் கடிதத்தை மடித்து வைக்காமல் படியுங்கள்.

நீங்கள் உயிரைக் கொடுத்து ஓடும்போது, ரயிலை முந்துவதற்காக ஓடுகிறீர்கள் என்று உடம்புக்குத் தெரியாது. வெறிநாய் துரத்துகிறது என்று நினைத்துக்கொள்கிறது. உடனே அட்ரினலின் சுரக்கிறது. கூடவே குளுக்ககான், கார்ட்டிசால் என்று இன்னும் சில ஹார்மோன்கள் கிளம்புகின்றன. எல்லாம் சேர்ந்து, "சேர்த்து வைத்த சர்க்கரையை வெளியே விடு, இந்த ஆள் தப்பிக்க வேண்டும்" என்று கல்லீரலை விரட்டுகின்றன. அதுவும் கொட்டுகிறது. எனக்கு அப்படி நடந்தால், ஓட்டம் நின்றதும் என் உடம்பு இன்சுலினைச் சுரந்து சரிக்கட்டிவிடும். உங்கள் உடம்பில் அது சுரப்பதில்லை. நீங்களோ ஊசி போடும் முன்னால் வெறும் வயிற்றில் ஓடுகிறீர்கள். கொட்டியதை அள்ள ஆள் இல்லை. அதனால்தான் 261. வேகம் கூடக் கூட நாயும் பெரிதாகும். அதனால்தான் 274.

மிதமாக நடந்தால் இந்தக் கூச்சல் எதுவும் கிடையாது. கால் சதை சர்க்கரையைத் தானே இழுத்துக்கொள்ளும். எவ்வளவு வேகம் என்று கேட்பீர்கள். நடந்துகொண்டே ஜெபமாலை சொல்லுங்கள், வாய்விட்டு. ஒரு அருள் நிறைந்த மரியே முடிவதற்குள் மூச்சு வாங்கினால் வேகம் அதிகம். பாட்டே பாட முடிந்தால் வேகம் போதாது. இரண்டு ஜெபமாலை சொல்லும் நேரம் நடந்தால் போதும்.

ஒரு நாள் நடந்து, ஒரு நாள் ஓடி, முன்னும் பின்னும் பார்த்து எண்ணை எழுதுங்கள். ஓடி ஏறிய எண்ணைப் பார்த்துப் பயந்து ஊசியைக் கூட்டிப் போடாதீர்கள். அந்த ஏற்றம் ஓரிரண்டு மணி நேரத்தில் தானே இறங்கும். கூட்டிப் போட்டால் அதற்கப்புறம் பாதாளத்துக்கு இறங்கும்.

இன்னொன்று. ரத்தம் கொடுக்க ஓடிப் போகிறீர்கள் என்று உத்தமன் டாக்டருக்குத் தெரியுமா? நிச்சயம் தெரியாது. தெரிந்திருந்தால் அந்த மனிதர் ஊசியை ஏற்றியிருக்க மாட்டார். ஓடி வந்த ரத்தத்தைப் பார்த்து, ஓடாத நாளுக்கும் சேர்த்து மருந்து எழுதுகிறார். போய்ச் சொல்லுங்கள்.

ஜெயசீலியைக் கணக்குப் பாடத்தைக் கவனிக்கச் சொல்லுங்கள்.

செலின்


ஆவடி
9.2.1992

அன்புள்ள செலினுக்கு,

மாதாவை ஸ்டாப்வாட்ச் ஆக்கிய முதல் ஆள் நீதான். பங்கு சாமியாரிடம் சொல்லலாமா வேண்டாமா என்று யோசிக்கிறேன்.

முதலில் பட்டை விஷயம். டின்னில் இருபத்தைந்து இருந்தது. நீ கேட்கும் முன்னால் நானே சொல்லிவிடுகிறேன், அதில் பதினொன்று குவார்ட்டர்ஸ்காரர்களுக்குப் போய்விட்டது. பக்கத்து வீட்டு வனஜா எட்டிப் பார்த்து, "இன்னாண்ணா அது, எனக்கும் ஒரு குத்து குத்திப் பாரேன்" என்றாள். பார்த்தேன். அவளுக்கு 240. உட்கார்ந்து அழ ஆரம்பித்துவிட்டாள். அழுகைச் சத்தம் கேட்டு வந்தவர்கள் எல்லாரும் விரலை நீட்டினார்கள். எப்படி இல்லை என்று சொல்வது? மீதியிருந்ததில் சிலதை பிளேடால் நீளவாக்கில் இரண்டாகக் கிழித்து வைத்திருக்கிறேன். மிஷின் அதைப் படிக்க மாட்டேன் என்கிறது. டின் மேலே இருக்கிற நிறத்தோடு ஒப்பிட்டுத் தோராயமாகப் பார்த்துக்கொள்ளலாம்.

நீ கேட்ட சோதனைக்கு முழுப் பட்டைதான் போட்டேன். நடந்த நாள்: முன்னால் 184, பின்னால் 139. ஓடிய நாள்: முன்னால் 181, பின்னால் 268. பொய் சொல்லவில்லை. எனக்கே எரிச்சலாக இருக்கிறது.

ஆனால் நீயும் உன் சூடான் டாக்டரம்மாவும் ஒன்றை மறந்துவிட்டீர்கள். பழக்கம் இல்லாததால்தான் உடம்பு நாயைப் பார்த்துப் பயப்படுகிறது. தினமும் ஓடினால் நாய்க்கும் பழகிவிடும். அதனால் விளையாட்டு விழா வரை விடாமல் ஓடுவது என்று முடிவு செய்திருக்கிறேன். அப்புறம் நீ சொல்கிறபடி நடக்கிறேன்.

டாக்டரிடம் இன்னும் சொல்லவில்லை. அவர் எப்போதும் அவசரத்தில் இருக்கிறார்.

உன் கடிதம் வருவதற்கு முன்பிருந்தே, ஓடி வந்து எண் ஏறியிருந்தால் நாலு யூனிட் கூட்டிப் போடுவது வழக்கமாகிவிட்டது. நீ வேண்டாம் என்கிறாய். குறைத்துக்கொள்ளப் பார்க்கிறேன்.

கிறிஸ்துராஜ்

பி.கு.: வியாழக்கிழமை பதினோரு மணி வாக்கில் கிரேன் கேபினில் இருக்கும்போது லேசாகத் தலை சுற்றியது. சின்னசாமி மேலே ஏறி வந்து டீக் கேனில் சர்க்கரையைக் கொட்டிக் கலக்கிக் கொடுத்தான். பத்து நிமிஷத்தில் சரியாகிவிட்டது. வெயில்தான் காரணம்.


மஸ்கட்
22.2.1992

ஜெயசீலி அப்பாவுக்கு,

மூன்று பக்கம் பட்டைக் கதை எழுதிவிட்டு, உயிர் போகிற விஷயத்தைப் பின்குறிப்பில் எழுத உங்களால்தான் முடியும். பிப்ரவரி மாதம் ஆவடியில் என்ன வெயில்? யாரிடம் கதை விடுகிறீர்கள்? உங்களுக்குச் சமைத்துப் போட்டவளிடமா, பதினாறு வருஷமாக ஊசி போடுகிற நர்ஸிடமா?

அது தலைசுற்றல் இல்லை. சர்க்கரை அடிமட்டத்துக்கு இறங்கிவிட்டது. ஓடும்போது வந்த அட்ரினலின் எட்டு மணிக்கே அடங்கியிருக்கும். ஓடிக் களைத்த சதை அப்புறமும் மணிக்கணக்கில் சர்க்கரையை இழுத்துக்கொண்டே இருக்கும். அதற்கு மேல் டாக்டர் தெரியாமல் ஏற்றிய பத்து யூனிட். அதற்கு மேல் நீங்கள் தெரிந்தே போட்ட நாலு. ஏறுவதும் உங்கள் ஓட்டத்தால்தான், இறங்குவதும் உங்கள் ஓட்டத்தால்தான். நாய்க்குப் பழகிவிடுமாம்!

ஒன்று கேட்கிறேன், நேராகப் பதில் எழுதுங்கள். அந்த நேரம் கொக்கியில் ஏதாவது தொங்கிக்கொண்டிருந்ததா? கீழே யார் நின்றார்கள்?

சின்னசாமி மேலே ஏறி வந்தான் என்று எழுதியிருக்கிறீர்கள். சைகை காட்டுகிறவன் காரணம் இல்லாமல் ஏணியில் ஏற மாட்டான். நீங்கள் கீழே பார்க்கவில்லை, அவன் கூப்பிட்டதற்குப் பதில் சொல்லவில்லை, அதனால்தான் ஏறியிருக்கிறான். அவனுக்கு இரண்டு பெண் குழந்தைகள். ஜெயசீலியோடு ஒரே வருஷத்தில் கோயிலில் முதல் நன்மை வாங்கியவள் மூத்தவள். இதெல்லாம் உங்களுக்கு நினைவு இருக்கிறதா?

இந்தக் கடிதம் கிடைத்த மறுநாளே உத்தமன் டாக்டரிடம் போங்கள். ஓடுவது, ஓடிப் போய் ரத்தம் கொடுத்தது, நாலு யூனிட், கிரேன், எல்லாவற்றையும் சொல்லுங்கள். சொல்லிவிட்டதாக உங்கள் கடிதம் வர வேண்டும். வரவில்லை என்றால் நானே அவருக்கு எழுதுவேன். அவர் விலாசம் என்னிடம் இருக்கிறது.

செலின்


ஆவடி
8.3.1992

செலினுக்கு,

தவக்காலத்தில் கோபப்படக் கூடாது என்று சாம்பல் புதனன்றுதான் பிரசங்கம் கேட்டேன். நாலு நாள் பொறுத்துப் பார்த்தேன். முடியவில்லை.

கடல் தாண்டிப் போய் உட்கார்ந்துகொண்டு என்னை மிரட்டுகிறாய். போக வேண்டாம் என்று நான் சொன்னபோது, "உங்களுக்கு ஒன்றும் ஆகாது, நீங்களே பார்த்துக்கொள்வீர்கள்" என்று சொன்னது யார்? பார்த்துக்கொண்டுதானே இருக்கிறேன். சமைக்கிறேன், பெண்ணுக்குச் சடை பின்னுகிறேன், என் தொடையில் நானே குத்திக்கொள்கிறேன். இதற்கு மேல் என்ன பார்த்துக்கொள்வது?

நேராகக் கேட்டாய், நேராகவே சொல்கிறேன். தொங்கிக்கொண்டிருந்தது. நாலு டன் வார்ப்பு. தொங்கியது தொங்கியபடியே நின்றது. லீவரிலிருந்து கை எடுத்தால் பிரேக் தானாகப் பிடிக்கும். ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. சின்னசாமி ஏறி வந்து, "இன்னா மாமே, மேல தூங்கிக்கினு கீறியா?" என்று தோளை உலுக்கினான், அவ்வளவுதான். யாரிடமும் சொல்லாதே என்றேன். சொல்லவில்லை. அவன் மனுஷன்.

டாக்டரிடம் சொன்னால் என்ன நடக்கும் என்று உனக்குத் தெரியாதா? அன்றைக்கே என்னைக் கீழே இறக்கிவிடுவார்கள். ஊசி போடுகிறவன் என்பதால் இப்போதே வருஷா வருஷம் என்னைச் சந்தேகமாகப் பார்க்கிறார்கள். பதினோரு வருஷமாக அந்த ஏணியில் ஏறுகிறேன். மேலே போய் உட்கார்ந்தால் எங்கள் பட்டறை ஷாப் முழுவதும் என் கைக்குக் கீழே. ஒரு இரும்பை எங்கே வைக்கச் சொல்கிறார்களோ அங்கே விரற்கடை தவறாமல் வைப்பேன். ஓட்டமும் போய், கிரேனும் போய், ஸ்டோரில் உட்கார்ந்து போல்ட் எண்ணிக்கொண்டிருக்கச் சொல்கிறாயா?

நாலு யூனிட்டை நிறுத்திவிட்டேன். சட்டைப் பையில் மிட்டாய் வைத்திருக்கிறேன். அது போதும். எண்ணூறு மீட்டர் ஓடுவேன். டாக்டருக்கு எழுதாதே. எழுதினால் நமக்குள் நடக்கிற கடிதம் இதுதான் கடைசி.

கிறிஸ்துராஜ்


மஸ்கட்
19.3.1992

ஜெயசீலி அப்பாவுக்கு,

உத்தமன் டாக்டருக்கு எழுதிவிட்டேன்.

இங்கே நோன்பு மாதம். எங்கள் வார்டில் ஊசி போட்டுவிட்டுச் சாப்பிடாமல் இருந்தவர்கள் வரிசையாக வந்து சேருகிறார்கள். நேற்று வந்த ஒருவர் லாரி டிரைவர். சட்டைப் பையில் மிட்டாய் வைத்திருந்தார். பிரிக்காத மிட்டாய். மயக்கம் வருகிறவனுக்கு மயக்கம் வருகிறது என்று தெரியாது, அதுதான் இந்த வியாதி. உங்களுக்கும் அன்றைக்குத் தெரியவில்லை.

இதுதான் கடைசிக் கடிதம் என்றால் அப்படியே இருக்கட்டும். ஜெயசீலியின் பரீட்சை மார்க்கை மட்டும் அவள் கையால் எழுதிப் போடச் சொல்லுங்கள்.

செலின்


ஆவடி
26.4.1992

செலினுக்கு,

எழுத மாட்டேன் என்று சொன்னவன் எழுதுகிறேன். ஏன் என்று கடைசியில் தெரியும்.

முதலில் ஓட்டப் பந்தயம். மூன்றாவதாக வந்தேன். எஃகுத் தட்டு ஒன்று கொடுத்தார்கள். மைதானத்தின் ஓரத்தில் உட்கார்ந்து, மிச்சமிருந்த ஒரு முழுப் பட்டையில் பார்த்தேன், 318. வாய் வறண்டு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. அப்போதும் எனக்குப் புத்தி வரவில்லை. முதல் இரண்டு பேரும் என்னைவிட மூன்று வயது சின்னவர்கள் என்றுதான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

மார்ச் 30ஆம் தேதி உன் கடிதம் வந்தது. எழுதிவிட்டேன் என்ற முதல் வரியைப் படித்ததும் கடிதத்தைச் சுருட்டி எறிந்தேன். ஜெயசீலிதான் எடுத்து நீவி வைத்தாள். உன் கடிதம் டாக்டர் மேஜைக்குப் போவதற்குள் நானே போய்ச் சொல்லிவிட்டால் கொஞ்சமாவது மரியாதை மிஞ்சும் என்று நினைத்தேன். மறுநாள் காலையில் ஆஸ்பத்திரிக்குப் போனேன். நடந்துதான் போனேன்.

"என் வீட்டுக்காரி எழுதியிருப்பாளே சார், அது உண்மைதான்" என்று ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னேன். உத்தமன் டாக்டர் பேனாவை மூடி வைத்துவிட்டுக் கேட்டார். முடித்ததும், "எந்த லெட்டர்யா? எனக்கு ஒண்ணும் வரலையே" என்றார். தபால் தாமதம் என்று நினைத்துக்கொண்டேன்.

அப்புறம் ஆரம்பித்தார் பார். "மாசாமாசம் ஓடி வந்துதான் ரத்தம் குடுத்தியா? உன் ரிப்போர்ட்டப் பார்த்து நான் மருந்த ஏத்திக்கிட்டே போறேன், நீ பாட்டுக்கு ஓடிக்கிட்டே இருக்க. என்னை என்ன மடையன்னு நெனச்சியா?" வராந்தாவில் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு மூன்று நாள் ஓடாமல் ரத்தம் எடுத்தார். ஊசி இப்போது இருபத்தாறு. சாயந்திரம் டீயும் இரண்டு பிஸ்கெட்டும் சாப்பிட்டுவிட்டு நடக்கிறேன், ஜெயசீலியோடு ஜெபமாலை சொல்லிக்கொண்டு. அவள் வேண்டுமென்றே வேகமாகச் சொல்லி எனக்கு மூச்சு வாங்கவைக்கிறாள். ஆஸ்பத்திரியில் பார்த்தால் எண் 130, 145 என்று நிற்கிறது. நீயும் உன் டாக்டரம்மாவும் சொன்னது சரி. எழுதவே கை கூசுகிறது, ஆனால் சரி.

கிரேன் போய்விட்டது. டாக்டரிடம் சொன்ன அன்று மதியமே ஆர்டர் வந்தது. ஆறு மாதம் தரை வேலை, அக்டோபரில் மெடிக்கல் போர்டு பார்த்து முடிவு சொல்லும். பிரிவுக்காரர்கள் எல்லாரும் பார்க்க ஏணியில் ஏறி என் துண்டையும் தண்ணீர் பாட்டிலையும் எடுத்துக்கொண்டு இறங்கினேன். அதைப் பற்றி எழுத மாட்டேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். ஒரு வாரம் கழித்து டாக்டரிடம் கேட்டேன், லெட்டர் வந்ததா சார் என்று. இல்லை. பெரிய வெள்ளிக்கு முன்னால் கேட்டேன். இல்லை. உயிர்ப்புத் திருவிழா முடிந்து நேற்றும் கேட்டேன். "இன்னாய்யா, எந்த லெட்டருக்குத்தான் இப்படி அலையற?" என்று கம்பவுண்டர்கூடச் சிரிக்கிறார்.

நீ எழுதவே இல்லை. எழுதிவிட்டதாகப் பொய் சொல்லியிருக்கிறாய். நானாகவே போய், நானாகவே சொல்லி, நானாகவே கீழே இறங்கியிருக்கிறேன். நீ எழுதியிருந்தால் வாழ்நாள் முழுவதும் உன்னைத் திட்டிக்கொண்டிருப்பேன். இப்போது நான் யாரைத் திட்டுவது?

கிறிஸ்துராஜ்


மஸ்கட்
8.5.1992

அன்புள்ள ஜெயசீலி அப்பாவுக்கு,

என்னையே திட்டுங்கள். எனக்கு அது பழக்கம்தான்.

டாக்டருக்கு நான் எழுதியது உண்மை. நாலு தடவை எழுதினேன். ஸ்டாம்ப் ஒட்டிய கவர் யூனிஃபார்ம் பையிலேயே இருந்து மூலை மடிந்துவிட்டது. தபால் பெட்டி எங்கள் ஹாஸ்டல் வாசலில்தான் இருக்கிறது. தினமும் அதைத் தாண்டித்தான் டியூட்டிக்குப் போனேன். போடத்தான் கை வரவில்லை.

நீங்கள் கிரேனைப் பற்றி எழுதியிருந்ததைத் திரும்பத் திரும்பப் படித்தேன். கல்யாணமாகிப் பதினாலு வருஷத்தில் உங்கள் வேலையைப் பற்றி என்னிடம் நீங்கள் அவ்வளவு சொன்னதே இல்லை. அதை என் கையால் பிடுங்கினால், அப்புறம் அந்த வீட்டுக்கு நான் எந்த முகத்தோடு திரும்பி வருவது என்று பயந்தேன். எழுதாமல் விட்டால் சின்னசாமிக்கு ஏதாவது ஆகிவிடும் என்றும் பயந்தேன். இரண்டு பயத்துக்கும் நடுவில் ஒரு பொய் கிடைத்தது. பாவசங்கீர்த்தனத்தில் சொல்லிவிட்டேன். மலையாளத்துச் சாமியார், எவ்வளவு புரிந்ததோ தெரியாது.

ஆனால் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். உயிர்ப்புத் திருவிழாவுக்குள் உங்களிடமிருந்து ஒன்றும் வராவிட்டால் போட்டுவிடுவது என்றுதான் இருந்தேன். ஜெயசீலி மார்க்கோடு சேர்த்து, "அப்பா கீழே வேலை பார்க்கிறார், கோபமாக இருக்கிறார், ஆனால் என்னோடு நடக்கிறார்" என்று எழுதியிருந்தாள். அந்தக் கடிதம் பெரிய வியாழனன்று வந்தது. அன்றைக்குத்தான் கவரைக் கிழித்தேன். நான் நல்லவள் என்று நினைத்துவிட வேண்டாம். மூன்று நாள் தாமதமாகியிருந்தால் போட்டிருப்பேன்.

130, 145 என்று எழுதியிருக்கிறீர்களே, அதை டாக்டரம்மாவிடம் காட்டினேன். ரயில்காரர் எப்படி இருக்கிறார் என்று தினமும் கேட்டுக்கொண்டிருந்தார்.

ஜூலையில் ஒரு மாதம் லீவு கிடைத்திருக்கிறது. வந்து என்ன செய்வேன் என்று தெரியவில்லை. உங்கள் முகத்தைப் பார்த்தால்தான் தெரியும். புதிதாக என்ன வேலை கொடுத்திருக்கிறார்கள்? அதை மட்டும் எழுதாமல் விட்டுவிட்டீர்கள்.

அன்புடன்,
செலின்


ஆவடி
24.5.1992

அன்புள்ள செலினுக்கு,

நாலு தடவை எழுதி ஒரு தடவைகூடப் போடாதவளை எப்படித் திட்டுவது என்று எனக்குத் தெரியவில்லை. இரண்டு நாள் முயன்று பார்த்தேன். ஜூலையில் நேரில் முயல்கிறேன்.

வேலை என்ன என்று கேட்டாய். வேண்டுமென்றேதான் எழுதவில்லை. சின்னசாமியோடு சேர்ந்து கீழே நின்று சைகை காட்டுகிற வேலை. சங்கிலி மாட்டிக் கையை உயர்த்தினால் மேலே இருப்பவன் தூக்குவான். உள்ளங்கையைக் காட்டினால் நிறுத்துவான். என் இடத்தில் இப்போது மனோகரன் இருக்கிறான், வேறு ஷாப்பிலிருந்து மாற்றலாகி வந்தவன். கெட்டிக்காரன் இல்லை, ஆனால் கவனமானவன். கொக்கி ஆடாமல் நிற்க அவனுக்கு நாலு நிமிஷம் ஆகிறது. எனக்கு ஒரு நிமிஷம் ஆகாது. பார்க்கப் பார்க்க எனக்கு எரிச்சல் தாங்காது.

முதல் பத்து நாள் யாரோடும் சரியாகப் பேசவில்லை. சின்னசாமி எதையும் கேட்கவும் இல்லை. போன செவ்வாய்க்கிழமை, அதே நாலு டன் வார்ப்பு. அன்றைக்குத் தொங்கியது போலவே ஒன்று, நான் கீழே இறங்கிய பிறகு முதல் தடவையாக. மனோகரன் தூக்கினான். அது மெதுவாக எங்கள் தலைக்கு மேலே வந்தது. செலின், பதினோரு வருஷமாக அதை நான் மேலிருந்துதான் பார்த்திருக்கிறேன். மேலிருந்து பார்த்தால் அது ஒரு இரும்பு. கீழே நின்று பார்த்தால் வெளிச்சத்தையே மறைக்கிறது. கேபினை நிமிர்ந்து பார்த்தேன். மனோகரனின் முகம் தெரியவில்லை. முழங்கை மட்டும்தான் தெரிந்தது. அவன் விழித்திருக்கிறானா, என்ன சாப்பிட்டான், வீட்டில் சண்டையா என்று கீழே நிற்கிறவனுக்கு எதுவுமே தெரியாது. என் கால் தானாக இரண்டு அடி பின்னால் போய்விட்டது. இதயம் அடித்த அடியில், அந்த நேரம் விரலில் குத்திப் பார்த்திருந்தால், ஓடாமலே முந்நூறு காட்டியிருக்கும்.

சின்னசாமி நகரவில்லை. சங்கிலியில் ஒரு கையை வைத்தபடி மேலே பார்த்துக்கொண்டு நின்றான்.

டீ வந்ததும் அவனிடம் கேட்டேன், இத்தனை வருஷம் எப்படிடா இங்கே நின்றாய் என்று.

"மேல நீ கீறேன்னுதான் நின்னேன் மாமே" என்றான்.

"அன்னிக்கு? நான் தூங்கினேனே?"

"அன்னிக்கும் நீ கீறேன்னுதான் நின்னுக்கினு இருந்தேன்" என்றான். கோபமாகச் சொல்லவில்லை. டீயை ஊதிக் குடித்துவிட்டு, டம்ளரைக் கழுவப் போய்விட்டான்.

நேற்று உத்தமன் டாக்டர் எண்களைப் பார்த்துவிட்டு, இப்படியே இருந்தால் அக்டோபரில் போர்டு என்னை மேலே அனுப்பிவிடும் என்று சொன்னார். ஆறு வாரத்துக்கு முன்னால் என்றால் குதித்திருப்பேன். சரி சார் என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன். போர்டு சொன்னாலும், சின்னசாமியிடம் கேட்காமல் அந்த ஏணியில் கால் வைக்க மாட்டேன். டாக்டரிடம் சொன்னபோதுகூட எனக்கு இவ்வளவு பயமில்லை.

அன்புடன்,
கிறிஸ்துராஜ்